மருத்துவர் ‘ஸ்கேன்’ என்று எழுதித் தந்தால்



இம்மாதம் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். பிறருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் தானும் ஒருமுறை முழந்தாளிடுவதில் தவறொன்றும் இல்லை.

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை வீசிக்கொண்டிருந்த நேரம். ஆலயக் கதவுகள் பூட்டியிருந்தன. இருமல் வந்தவரெல்லாம், மூச்சுத் திணறல் இல்லாதவரும்கூட, நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டுமென்று ஆலாய்ப் பறந்தார்கள். அப்போது புது டில்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா, நோய் லேசாக உள்ளவர்கள் சி.டி. ஸ்கேனுக்கு ஓட வேண்டாம் என்று எச்சரித்தார். ஒரு ஸ்கேன் முந்நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றும், இளவயதினர் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடும் என்றும் அவர் சொன்னது செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது. நான் அதைப் படித்தேன். பங்கு மக்களின் கைப்பேசிக் குழுவில் உடனே எழுதினேன்: “ஒரு ஸ்கேன் முந்நூறு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். ஆகவே யாரும் ஸ்கேன் எடுக்க வேண்டாம்.”

‘நோய் லேசாக உள்ளவர்கள்’ என்ற இரண்டு மூன்று சொற்களை நான் விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை, சுருக்கமாகச் சொன்னால் மனத்தில் பதியும் என்று எண்ணினேன். நன்றாகவே பதிந்துவிட்டது. கதிரியக்க மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் சில நாட்களில் மறுப்பு வெளியிட்டது. அது பழைய கணக்கு, இக்காலத்துக் குறைந்த கதிரளவு நெஞ்சு ஸ்கேன் ஐந்து முதல் பத்து எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்று அவர்கள் கூறினார்கள். அதையும் படித்தேன். ஆனால் குழுவுக்கு அனுப்பவில்லை.

மறு ஆண்டு, எங்கள் பங்கில் ஒரு பெரியவர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நாற்பது ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். தலையில் சிறு வீக்கம், அவ்வளவுதான்; இரண்டு நாளில் வற்றிவிட்டது. மூன்று வாரங்கள் கழித்து, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தது. பகலிலும் உறங்கினார். வலது கால் செருப்பு நடக்கையில் தானாகக் கழன்று விழுந்தது. வயதின் தளர்ச்சி என்றார்கள். அருகிலிருந்த மருத்துவர் தலைக்கு ஸ்கேன் எடுத்துவரச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார். அந்த அம்மாள் ஓராண்டுக்கு முன் வந்த என் செய்தியைக் கைப்பேசியில் பத்திரமாக வைத்திருந்தார். “சாமியே வேணாம்னு எழுதியிருக்காரு, இந்த வயசுல இவருக்கு எதுக்கு அந்தக் கதிரெல்லாம்?” என்று மகனைத் தடுத்துவிட்டார். எட்டு நாட்கள் கடந்தன. ஒன்பதாம் நாள் காலையில் அவர் எழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஸ்கேன் அறைக்குள் போய் வெளியே வர அவருக்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. மூளையின் இடப்புறம் பிறைநிலா வடிவில் இரத்தம் கட்டியிருந்தது. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதற்கும் மேலுறைக்கும் இடையே செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சிறு அடிக்கே அறுந்துவிடக்கூடும்; இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து வாரக்கணக்கில் சேரும். மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு அதை வடித்தார்கள். பெரியவர் பிழைத்தார். வலது கால் மட்டும் இன்றும் சற்று இழுக்கிறது. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று தொடங்கிய மருத்துவர், என் அங்கியைப் பார்த்ததாலோ என்னவோ, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அதன்பின் இப்பொருளைப் பற்றி நான் படித்ததையும், நம் பங்கின் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இது மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாகாது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், எதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்கே இந்த உதவி.

முதலில், அந்த எந்திரம் என்ன செய்கிறது? 1895-ஆம் ஆண்டு ஜெர்மானியப் பேராசிரியர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அக்கதிர் உடலை ஊடுருவி நிழல்படம் தருகிறது. ஆனால் நிழலில் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்துவிடும். மண்டையோட்டின் நிழலுக்குள் மூளை தெரியாது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியபோது, உலகெங்கும் மூளைக் கட்டியின் இடத்தை அறியச் சுற்றுவழிகளே இருந்தன. முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீரை எடுத்து, அதற்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றின் நிழலைப் படம் எடுப்பது அவற்றுள் ஒன்று. அதன்பின் நோயாளி நாட்கணக்கில் தலைவலியால் துடிப்பார். இன்று ஸ்கேன் மேசையில் அசையாமல் படுத்திருப்பதைப் பெரும் வேதனையாகச் சொல்லும் நம்மவர்க்கு இதைச் சொல்லிவைப்பது நலம்.

அந்த நிலையை மாற்றியவர்கள் இருவர். இருவருமே மருத்துவர்கள் அல்லர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியல் அறிஞர் ஆலன் கார்மக் கணக்கு வழியைக் கண்டார். காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எந்திரத்தைச் செய்தார். அவர் வேலை பார்த்த ஈ.எம்.ஐ. நிறுவனம், நாய் ஒன்று குழலருகே அமர்ந்து கேட்கும் படம் போட்ட இசைத்தட்டுகளை நம் வீடுகளுக்கு அனுப்பிய அதே நிறுவனந்தான்! 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலை முதன்முதலாக இவ்விதம் படம் எடுக்கப்பட்டது. மூளையின் முன்புறத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. 1979-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊராருக்கு விளங்கும்படி சொல்வதானால், தடித்த எருமைத் தோலைப் படலம் படலமாகப் பிளக்கும் எந்திரத்தை நீங்கள் தொழிற்சாலையில் கண்டிருப்பீர்கள். மேற்படலம் வேறு, அடிப்படலம் வேறு என்று தனித்தனியே எடுத்துக் குறை பார்க்கலாம். ஸ்கேன் எந்திரம் உடலைக் கத்தியின்றி அவ்வாறு பிளந்து காட்டுகிறது. வளையத்துக்குள் கதிர்க்குழல் உடலைச் சுற்றிச் சுழல்கிறது. எதிர்ப்புறத்தில் உள்ள உணர்கருவிகள் எவ்வளவு கதிர் கடந்து வந்தது என்று அளக்கின்றன. கணிப்பொறி படலங்களாகப் படம் வரைகிறது. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு ஆயிரம் குறைவு, எலும்புக்கு நூற்றுக்கணக்கில் மிகுதி என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. புதிதாகக் கசிந்த இரத்தம் வெண்மையாகத் தெரிவதும் அந்த எண்ணால்தான்.

காந்த எந்திரமாகிய எம்.ஆர்.ஐ. வேறு, இது வேறு. இந்த வளையம் அகலமானது, குகை போன்றதன்று. பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கினால் போதும்.

இனிக் கதிரின் அளவு. மில்லிசீவர்ட் என்பது இதற்கான அளவை. மண், பாறை, காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து உலகத்தில் ஒரு மனிதன் ஓராண்டில் இயற்கையாகவே பெறுவது சராசரி 2.4 மில்லிசீவர்ட். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துக் கொல்லம் கடற்கரையிலும் உள்ள கருமணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கு வாழ்வோர் இதைவிடக் கூடுதலாகப் பெறுகிறார்கள். தலை ஸ்கேன் ஏறக்குறைய 2. நெஞ்சு ஸ்கேன் 6 அல்லது 7. வயிற்று ஸ்கேன் 8 முதல் 10. எந்திரத்துக்கு எந்திரம், உடலுக்கு உடல் இது மாறும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயோ 0.1-க்கு மேற்படாது, முன்புறப் படம் ஒன்று மட்டுமானால் 0.02 என்றும் கணக்கிடுவர்.

முந்நூறா, பத்தா என்ற வழக்கும் இங்கேதான் தீர்கிறது. ஆறை 0.02-ஆல் வகுத்தால் முந்நூறு. குறைந்த கதிரளவில் எடுத்த ஸ்கேன் ஒன்றை 0.1-ஆல் வகுத்தால் பத்தோ அதற்கும் குறைவோ. எந்த ஸ்கேன், எந்த எக்ஸ்ரே என்று கேட்காமல் விடையை மட்டும் உரக்கச் சொன்னதுதான் தவறு. அதை உங்களுக்குச் சொன்னவன் நான்.

ஆகவே, அபாயமே இல்லையா? சிறிது உண்டு. சிறு குழந்தைகளுக்கும் இளைஞருக்கும் சற்று அதிகம். என் பங்குப் பெரியவரைப் போன்றோர்க்கு மிகக் குறைவு, ஏனெனில் கதிரால் வரும் புற்றுநோய் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் சிறுவர்களையும் இளைஞர்களையும் பின்தொடர்ந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இன்று ஸ்கேன் எடுக்கும் 10,000 பிள்ளைகளில், அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்கோ அக்கதிரின் காரணமாக இரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்று அது கணக்கிட்டது. தேவையான இடத்தில் ஸ்கேனை மறுக்க இந்த எண் காரணமாகாது. ஆனால் விளையாட்டில் விழுந்து அழுது, பின் எழுந்து ஓடும் பிள்ளைக்கு, பெற்றோரின் மனநிம்மதிக்காக ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதிருக்கக் காரணமாகும். பிள்ளைக்கு எடுத்தே ஆகவேண்டுமென்றால், ‘குழந்தைக்குரிய அளவில் கதிரைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா?’ என்று தாயார் கேட்கலாம். நல்ல நிலையத்தில் இதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள்.

தாமதிக்கக் கூடாத வேளைகளும் உண்டு. நமது நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்தவர் நினைவிழந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, காதிலோ மூக்கிலோ இரத்தமோ நீரோ வந்தாலோ, உறக்கத்தில் ஆழ்ந்துகொண்டே போனாலோ, ஸ்கேன் வேண்டுமா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். முகம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினாலும் அவ்வாறே. பக்கவாதம் இரத்தக் கட்டியால் வந்ததா, கசிவால் வந்ததா என்று ஸ்கேன் பார்த்தாலன்றித் தெரியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும், கசிவிருந்தால் அதே ஊசி உயிரைக் குடித்துவிடும். முதியவர் விழுந்து சில வாரம் கழித்துப் புத்தி தடுமாறினாலும், முக்கியமாக அவர் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்பவராயின், என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவசரமில்லாத நேரத்தில் மருத்துவரிடம் பணிவாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். “இந்தப் படத்தைப் பார்த்தபின் சிகிச்சை எவ்விதம் மாறும், டாக்டர்? கதிரில்லாத அல்ட்ராசவுண்டு போதாதா?” பித்தப்பைக் கல் போன்றவற்றிற்குப் பல வேளைகளில் அதுவே போதும். வாரக்கணக்கில் இருமல் உள்ளவர்க்கு முதற்படி சளிப் பரிசோதனையும் சாதாரண எக்ஸ்ரேயும்தான். தோலைத் தேய்க்கும் பகுதியில் தூசியில் வேலை செய்வோர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நோயறிகுறி ஏதுமில்லாத ஒருவர், சலுகை விலையில் கிடைக்கிறதென்று உடல் முழுவதற்கும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதை நான் ஒப்பமாட்டேன். அதனால் நன்மை உண்டென்று நிறுவப்படவில்லை. ஒன்றுமில்லாத புள்ளியைக் கண்டு உறக்கமிழந்தவர் சிலரை எனக்குத் தெரியும். நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் தரகு பெறுவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்கு விதிகள் தடுத்திருக்கின்றன. அதற்கு மேல் இதைப்பற்றி நான் எழுதினால் பக்கம் போதாது.

சில ஸ்கேன்களுக்கு நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். மக்கள் இதை ‘டை’ என்கிறார்கள். அயோடின் கலந்த இம்மருந்து இரத்தக் குழாய்களையும் கட்டிகளையும் பளிச்செனக் காட்டும். ஏற்றும்போது உடலெங்கும் வெப்பம் பரவும். வாயில் உலோகச் சுவை தோன்றும். சிறுநீர் கழித்துவிட்டது போன்ற உணர்வு வரும். இது தெரியாத ஓர் அம்மாள் வெட்கத்தால் அழுதுகொண்டே வெளியே வந்தார்; துணி நனையவே இல்லை. இவை ஓரிரு நிமிடங்களில் மறையும். ஆனால் அரிப்போ, மூச்சுத் திணறலோ, தொண்டை அடைப்போ வந்தால் அப்போதே குரல் கொடுக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை பத்தாயிரம் பேரில் நான்கு பேருக்கு வரலாம். அதற்கான மருந்துகள் அறையிலேயே இருக்கும். முன்பு எப்போதாவது இம்மருந்தால் தொல்லை வந்திருந்தால் மறவாமல் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும் சொல்ல வேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்க்கு இந்த மருந்தும் ஆகாது என்று ஊரில் பேசுவது சரியன்று. இறாலின் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் புரதமே, அயோடின் அன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது சிறுநீரகம். மருந்து அதன் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். ‘மறுபடியும் இரத்தமா?’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உண்பவர் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சிறுநீரகம் நன்றாயிருந்தால் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. பழுதிருந்தால் ஸ்கேன் நாளிலும் அதன்பின் 48 மணி நேரமும் நிறுத்தி, மறுபரிசோதனைக்குப் பின் தொடரச் சொல்வார்கள். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பட்டினி பற்றியும் ஒரு சொல். சில ஸ்கேன்களுக்குச் சில மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வார்கள். எத்தனை மணி என்று நிலையத்திலேயே கேட்டறியுங்கள். இரவு முதலே தண்ணீரும் அருந்தாமல் நோன்பு காத்து வருபவர்களால் அவர்கள் சிறுநீரகத்துக்கே தீங்கு. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுக் குடியுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாமல் வருவது பேராபத்து. சர்க்கரை நோயாளிகள் முன்னதாகவே சொல்லிக் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையைச் சிறிது தண்ணீருடன் வழக்கம்போல் உண்ணலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படம் எடுக்கும் பகுதியில் உலோகம் இருந்தால் அதிலிருந்து கோடுகள் சிதறிப் படத்தைக் கெடுக்கும். ஆகவே சங்கிலி, கொண்டை ஊசி, ஜெபமாலை, சுரூபம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். எங்கள் பங்கில் ஒரு சகோதரி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று மறுத்துத் திரும்பி வந்துவிட்டார். “கழட்டி உன் வீட்டுக்காரர் கையிலயே குடும்மா, அவரே திரும்பக் கட்டட்டும்” என்றேன். அவ்வாறே நடந்தது. அந்தக் கணவர் வெளியில் தாலியைக் கையில் ஏந்தி நின்றதைப் பார்த்தவர்கள், திருமண நாளன்றுகூட அவர் அவ்வளவு நடுங்கவில்லை என்றார்கள்.

கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவேனும் உள்ள பெண்கள், யாரும் கேட்காவிட்டாலும், உள்ளே போகுமுன் சொல்லிவிட வேண்டும். மாமியார் அருகில் இருக்கிறாரே என்று தயங்கவேண்டாம். செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லலாம். பாலூட்டும் தாய்மார் மருந்து ஏற்றிக்கொண்டாலும் பாலூட்டலாம். பாலில் கலந்து பிள்ளையின் உடலில் சேர்வது மிக மிகச் சொற்பம். ஸ்கேன் முடிந்தபின் உடலில் கதிர் தங்கியிருப்பதில்லை. எந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாதென்று தாத்தாவைத் திண்ணையில் தள்ளிவைத்த வீட்டாருக்காக இதை எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி: ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் பணிபுரிவோர் ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுக் கடன் வாங்கி ஸ்கேன் எடுப்பதைக் காண்கிறேன். அவசரமில்லாதபோது முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எதற்குச் செல்லும் என்று சேர்க்கைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு அலுவலரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் படங்கள். காட்பாடி இரயில் நிலையத்தில் வந்திறங்கும் வங்காளத்து, அசாமியக் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? துணிமூட்டை எப்படியானாலும், பழைய ஸ்கேன் படங்களின் பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். ஈராயிரம் கிலோமீட்டர் கடந்து வருபவர்களுக்குத் தெரிந்தது, பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் நமக்குத் தெரிவதில்லை. பழைய படமில்லாவிட்டால் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க வழியின்றி மறுபடி எடுக்கச் சொல்வார். பணமும் போகும், கதிரும் சேரும். குறுந்தகட்டையும் எழுத்தறிக்கையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். உறைமேல் தேதி எழுதுங்கள்.

சென்ற மாதம் அந்தப் பெரியவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோயிருந்தேன். ஸ்கேன் படத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மாள் பாயைத் தூக்கி, தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார், நான்காக மடித்திருந்தது. இப்போது அதை ஓர் அட்டைக்குள் வைத்து, பீரோவுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறோம். கைப்பேசிக் குழுவில் நான் அனுப்பிய பழைய செய்தியையும் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட்டு, இந்தப் பக்கத்தில் எழுதப்போவதாகச் சொல்லிவந்தேன்.